சவுடுக் குழியில் ஜமீர்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆவி அடித்துச் செத்தவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை, அலட்சியத்தால் செத்தவனைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். என் கோபமெல்லாம் வேறு ஆட்கள் மேல்.

ஓமானில் மலைச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தேன். மேலிருந்து வரும் மழைத் தண்ணீரை மடக்கி ஓரமாக வடியவிட வாய்க்கால் வெட்டுவதும், அடியில் வண்டல் தேங்கக் குட்டை கட்டுவதும் எங்கள் வேலை. மேல் வாய்க்காலைப் பாதியில் நிறுத்தச் சொன்னார் மானேஜர். இந்த ஊரில் மழை எங்கே பெய்கிறது என்றார். ஒருநாள் பெய்தது. புல்பூண்டு இல்லாத மொட்டை மலை, மண்ணும் கல்லும் குழம்பாகி இறங்கியது. என் அறையில் தங்கியிருந்த பெஷாவர்க்காரன் ஜமீர் அடியில் நின்றபடி, "ஊப்பர் ஆவோ, பச்சா! ஊப்பர் ஆவோ!" என்று எங்களை மேலே ஏறச் சொல்லிக் கத்தினான். யாராக இருந்தாலும் அவனுக்குப் பச்சாதான், குழந்தை. நாங்கள் ஏறிவிட்டோம். அவன் ஏறவில்லை. இயற்கை, என்ன செய்வது என்றார் மானேஜர்.

வெறுத்துப்போய் ஊருக்கு வந்துவிட்டேன். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் கொஞ்சம் நிலம், சம்பா நட்டிருந்தேன். பக்கத்து வயலை ஒரு கான்ட்ராக்டர் வாங்கி, மனை மேடாக்கக் கொட்டுகிற சவுடு மண் எடுக்க ஆரம்பித்தார். சரிவே விடாமல் சுவர் மாதிரி வெட்டு, வெட்டிய மண்ணை விளிம்பிலேயே மலையாகக் குவிப்பு. ஐப்பசியில் அடித்த முதல் மழைக்கே குவியல் கரைந்து, என் பயிரெல்லாம் சேற்றுக்குள் போனது.

அன்றைக்கு மத்தியானம் கொட்டுகிற மழையில் சண்டைக்குப் போனேன். கான்ட்ராக்டர் காரில் உட்கார்ந்தபடி கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"குவியலைத் தள்ளிப் போடுங்க. சுத்தி வாய்க்கா வெட்டித் தண்ணிய வடியவிடுங்க. கரை சரிஞ்சா உள்ள இருக்கிறவன் கதி என்னங்க?"

"பர்மிட்டு இருக்கு பாய். மழை வலுக்கறதுக்குள்ள லோடு அடிக்கணும், போங்க."

குழிக்குள் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தவர் செந்தில், மன்னார்குடிக்காரர். விளிம்பில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். மழை இரைச்சலிலும் இன்ஜின் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திடீரென்று அவர் தலையைத் திருப்பினார், என் பக்கம் இல்லை, ஆளே இல்லாத எதிர்ப்பக்கம். இன்ஜினைக்கூட அணைக்காமல் குதித்து, லாரி ஏறும் பாதையில் ஓடிவந்தார். அவர் மேலே கால் வைத்ததும் குவியலோடு கரை சரிந்தது. பொக்லைனின் கை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

செந்தில் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "யாரு பாய் அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"அந்தப் பக்கம் கீழ நின்னு கத்துனாரே, 'ஊப்பர் ஆவோ, பச்சா'ன்னு. அப்படின்னா என்னங்க?"

வடக்கத்தி ஆட்கள் யாராவது கத்தியிருப்பார்கள் என்பீர்கள். அன்றைக்குக் குழியில் செந்தில் ஒருத்தர்தான். ஜமீர் பற்றி நான் வீட்டில்கூடப் பேசியதில்லை.

"அர்த்தம் தெரியாமலா ஓடியாந்தீங்க?"

"அவரு கத்துன கத்துல காலு தானா ஓடுச்சு பாய்."

கான்ட்ராக்டர் குடையோடு இறங்கி வந்து பொக்லைனைப் பார்த்தார், செந்திலைப் பார்க்கவில்லை. "இயற்கைங்க. நாம என்ன பண்றது?" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். மேலே லாரியோடு நின்ற நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வாய்க்கால் வெட்ட மனசில்லாத இவனுங்களால், செத்துப்போனவன் கடல் தாண்டி வந்து கத்த வேண்டுமா? அப்படி வந்தவன் குரல் கூடவே தங்கியிருந்த எனக்கு ஏன் கேட்கவில்லை?

அதே கான்ட்ராக்டர் இப்போது வேறு ஊரில் குழி போட்டிருக்கிறார். வீட்டு நிலைமை, செந்தில் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். மழை பிடித்தால் குழி விளிம்பில் நின்று எனக்குப் போன் செய்வார்.

"பாய், இன்னைக்கு யாரும் கத்தல. எறங்கலாமா?"

எறங்காதீங்க என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கத்து மழைச் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.