சாயங்காலத்தில் மட்டும் விக்கிய படம்

"கணவர்: லூக்காஸ். தோட்டத் தொழிலாளி. மதுப்பழக்கம் உள்ளவர். முன்கோபி. பிள்ளைப் பராமரிப்புக்கு ஏற்றவர் அல்லர்."

செசிலி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன் அவளுடைய குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையில் இப்படித்தான் இருக்கிறது. விசாரிக்க வந்த உத்தியோகத்தர் எதையும் கற்பனை செய்யவில்லை. செசிலி சொன்னதை எழுதிக்கொண்டார். ஆகவே மகள் நிலுக்ஷியின் பராமரிப்பாளராக செசிலியின் அக்கா பெயர் பதிவானது. அக்கா பண்டாரவளையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். தேநீர் குடித்தார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

லூக்காஸ் குடியை விட்டது அதற்குப் பிறகு. யாரும் அவனைத் திருத்தவில்லை. குடிக்காதே என்று சொல்ல ஆள் இருந்தவரை குடித்தவன், சொல்ல ஆளில்லாத வீட்டில் தானாக நிறுத்திக்கொண்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. காலையில் மகளுக்குச் சடை பின்னி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பெரட்டுக்குப் போவான். வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தில், கையில் எண்ணெய் வாசத்தோடு நிற்பான்.

"என்னடா லூக்காஸ், இன்னைக்கு ஒத்தச் சடையா ரெட்டச் சடையா?" என்பார் பக்கத்து வீட்டு ரெங்கசாமி.

"ரெட்ட. ஒங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க மாமா, முடி இருந்தா பின்னி விடுறேன்."

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட அந்த லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது. போன ஈஸ்டருக்கு விடுமுறையில் வந்த செசிலி இரண்டு சாமான் கொண்டுவந்தாள். ஒன்று, செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. குவைத்து வீட்டுப் பையன் வேண்டாமென்று ஒதுக்கியது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும்; அதில் படங்களைச் சேர்த்து வைத்தால், ரவுட்டர் வழியாக டிவியில் எடுத்துப் பார்க்கலாம். வேலை நேரத்தில் போன் பேச அங்கே மேடம் விடுவதில்லை. எனவே செசிலி ஓய்வு கிடைக்கும்போது தன்னையே படம் பிடித்து அங்கிருந்து அந்தப் பெட்டிக்குள் அனுப்பிவிடுவாள். கதை சொல்வாள், பாட்டுப் பாடுவாள், நகம் வெட்டினாயா என்று கேட்பாள். நிலுக்ஷி பொழுது சாய்ந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, "வெட்டிட்டேம்மா" என்று கையை நீட்டிக் காட்டுவாள்.

இரண்டாவது, ஒரு மின்விளக்கு. மெழுகுவர்த்தி போலச் சிவப்பாக எரிவது. அதை சுருபத் தட்டில் அந்தோனியார் சிலையின் காலடியில் வைத்தாள். "இது நேர்த்திக்கடன் வெளக்கு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது, நகத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நேர்த்தியில் கை வைக்கிற துணிச்சல் அந்த லயத்தில் எவருக்கும் இல்லை. ரெங்கசாமி இந்து; அவர்கூட அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றுவார்.

மழைக்காலம் தொடங்கியபோது படம் விக்க ஆரம்பித்தது. செசிலி "என் தங்க..." என்பாள், வாய் திறந்தபடியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து "...மே" என்பாள். கண் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். முதல் இரண்டு நாள் நிலுக்ஷி சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, அம்மாவுக்கு வலிப்பா?"

"இல்லடா, பெட்டிதான் மக்கர்."

அவள் நம்பவில்லை. ஒரு சாயங்காலம் டிவியைப் போட்டதும் எழுந்து அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டாள். "எனக்கு அந்த அம்மா வேணாம்" என்றாள். அடுத்த நாளும் போனாள். லூக்காஸ் மிரண்டது அங்கேதான். ஈஸ்டரிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தாய் என்பது இந்தச் சாயங்காலப் படம்தான். செசிலி ஊருக்கு வரும்போது இவள் குசினிக்குள் ஓடினால், அதற்கு யார் பதில் சொல்வது?

பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினான். பஜாரில் போன் திருத்தும் முன்ஸிப், எல்லோரும் அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடுகிறவர், அதைத் தன் டிவியில் போட்டுப் பார்த்தார். செசிலி தங்கு தடையில்லாமல் பாடினாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு லூக்காஸ். பாட்டுத்தான் கொஞ்சம் சுருதி கம்மி."

"அது அவ ஒரிஜினல் நானா. வீட்டுல வந்து பாருங்க, விக்கும்."

வீட்டில் பகலில் போட்டால் விக்கவில்லை. இருட்டத் தொடங்கினால் விக்கியது. லயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பனி இறங்குவதால் என்றார் ஒருவர். பிரிட்ஜ் கரண்டை இழுக்கிறது என்றார் இன்னொருவர். லூக்காஸ் பெட்டியை அணைத்துப் போட்டான், ரவுட்டரை அணைத்துப் போட்டான், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலிருந்த வயரை மாற்றினான். பிரிட்ஜை நிறுத்தினான், பால் திரிந்ததுதான் மிச்சம். வீட்டிலிருந்த சகலத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அந்தோனியார் காலடியில் எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் முன்ஸிப் ஒரு சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெளியே மழை அடித்து ஊற்றியது. தன் போனில் ரவுட்டரைத் திறந்து பார்த்தார்.

"ஒங்க டிவி, பெட்டி, ஒங்க போன். சரி. நாலாவது யாரு?"

"நாலாவதா?"

"யாரோ ஒங்க வைபையில தொங்கிட்டு இருக்காங்க. நல்லா இழுக்குறாங்க. ஒரே பீலித் தண்ணியில ரெண்டு பேர் குடம் வச்சா எப்படி? அதான் ஒங்க வீட்டுக்காரி விக்குறா."

வாசலில் நின்ற ரெங்கசாமியைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏய், என் போன் பட்டன் போன்டா!" என்று அவர் அதை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

"யாரா இருந்தாலும் சரி, கடவுச்சொல்ல மாத்திருவோம்" என்றார் முன்ஸிப். மாற்றினார். புதியதை டிவிக்கும் லூக்காஸின் போனுக்கும் மட்டும் கொடுத்தார். படத்தைப் போட்டார். செசிலி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு சொல் சிக்காமல் கதை சொன்னாள். குசினி வாசலில் நிலுக்ஷியின் தலை தெரிந்தது. லூக்காஸ் சிரித்தான். வெகு நாளைக்குப் பிறகு சிரித்திருக்க வேண்டும். முகத்துக்கு அது பழக்கமில்லாதது போல் இருந்தது.

அப்போது போன் அடித்தது. குவைத்து. வேலை நேரத்தில் செசிலி கூப்பிட்டது அதுவே முதல் தடவை. லூக்காஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க! வீடு இருக்கா? புள்ள எங்க? மல எறங்கிருச்சா?"

செசிலி கொஸ்லந்தக்காரி. மழையில் மண் சரிந்து மலை இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்டவள்.

"என்னடி சொல்ற? எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"அப்ப ஏன் ஒண்ணும் தெரியல? இப்பத்தான் நீங்க எல்லாரும் நின்னீங்க, முன்ஸிப் நானா செவப்புச் சட்ட போட்டிருந்தாரு, திடீர்னு இருட்டாப் போச்சு..."

அவள் சட்டென்று நிறுத்தினாள். தாமதமான நிறுத்தம்தான்.

முன்ஸிப் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். சிவப்பு. நிமிர்ந்து சுருபத் தட்டைப் பார்த்தார். எழுந்து போய், தொடாமல், மூக்கு உரசும் அளவுக்குக் கிட்ட குனிந்தார்.

"லூக்காஸ், இது வெளக்கு இல்ல. கேமரா."

ஈஸ்டரிலிருந்து இந்த அறையில் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக லூக்காஸின் நினைவுக்கு வந்தது. துண்டோடு நின்றது. தனியாக உட்கார்ந்து அழுதது. தினமும் மகளோடு அதன் முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னது. இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவன் முகம் வெளிறியது.

"நானா... இது கேக்கவும் செய்யுமா?"

"செய்யும்."

மகள் தூங்கிய பிறகு அவன் அந்தோனியாரிடம் சத்தமாகப் பேசுகிற வழக்கம் உண்டு. செசிலி கெட்டிக்காரி, தான் மக்கு, அவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்று புனிதரைத் திட்டியிருக்கிறான். காணாமல் போன சாமானைத் தேடித் தருகிறவருக்கு, போன பெண்சாதியைத் திருப்பித் தரத் தெரியாதா என்று கேட்டிருக்கிறான்.

"நேர்த்தின்னியே செசிலி."

"நேர்த்தியும்தான்."

"நான் குடிக்கிறேனான்னு பாக்கவா வச்ச?"

"மொத மாசம் அதுக்குத்தான். அப்புறம் சும்மா பாத்தேன். மழ தொடங்கினதுலேருந்து பயம், தெனம் சாயங்காலம் மேடம் தூங்கி எந்திரிக்கிற முன்ன, குசினியில போன வச்சுக்கிட்டு. புள்ள என் படத்தப் பாக்குறதப் பாப்பேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க கேமராவுக்கு நல்லவரா இருப்பீங்க."

அவளைப் பிள்ளை பார்க்கும் நேரத்தில், பிள்ளையை அவள் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையே அவளுடைய முகத்தை விக்க வைத்தது. பிள்ளை தன்னைப் பார்க்காமல் எழுந்து போனதையும் அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், காரணம் தெரியவில்லை. வலைப்பின்னலைப் பற்றி எழுதுகிற புத்தகம் எதிலும் இந்தக் கோளாறுக்குப் பெயர் இல்லை.

நிலுக்ஷி சுருபத் தட்டருகே வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா வெளக்குக்குள்ளயா இருந்தாங்க?"

போனில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு பெண் அரபியில் அதட்டினாள். தொடர்பு அறுந்தது.

"புடுங்கி வீசுடா" என்றார் ரெங்கசாமி. "பொண்டாட்டி வேவு பாக்குற வீட்டுல ஆம்பள எப்படி இருக்கிறது? அசிங்கம்."

முன்ஸிப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ண நிறுத்தினா மத்தது ஓடும். எத நிறுத்துறதுன்னு நான் சொல்ல ஏலாது."

"ரெண்டும் ஒண்ணா ஓடாதா?" என்றான் லூக்காஸ்.

"டிவிக்குத் தனியா வயர் இழுத்தா ஓடும். வைபை காத்துல வெளக்கு மட்டும் போகும்."

லூக்காஸ் விளக்கருகே போய் நின்றான். அறிக்கையில் முன்கோபி என்று எழுதியிருப்பதால், ரெங்கசாமி ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

மறுநாள் லூக்காஸ் பெரட்டுக்குப் போகவில்லை. பதுளையில் வயர் வாங்கி வந்து, ரவுட்டரிலிருந்து டிவி வரைக்கும் சுவரோரமாக ஆணியடித்து இழுத்தான். பிறகு முன்ஸிப்பைப் போனில் கேட்டுக் கேட்டு, புதிய கடவுச்சொல்லை அந்த விளக்குக்கும் கொடுத்தான்.