குங்குமம் வைத்த காட்டர் பின்

கிரீஸ் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து முகர்ந்திருக்கிறீர்களா? எழுபதுகளில், குமணன்சாவடியில் பெங்களூர் ரோட்டோரம் என் அண்ணன் வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டில், ஆயுத பூஜை அன்று அப்படித்தான் மணக்கும். இப்போதும் அந்த வாசனை எங்காவது வந்தால் என் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது.

காரணம் ஒரு ஜீப்...

செங்கல் சூளைக்காரர் ஒருவருடைய பழைய ஜீப் அது. ஓட்டுபவன் என் சிநேகிதன் ஏழுமலை. பவர் ஸ்டியரிங் எல்லாம் அப்போது ஏது? தோள்பட்டைதான் பவர். பூஜை அன்று மத்தியானம் வந்து நின்றான்.

"மச்சான், ஸ்டியரிங்கு கால் சுத்து சும்மாவே சுத்துது. நான் திருப்புனா அது யோசன பண்ணிகினு கீது. நாளிக்கு சரோஜாவ அவங்கம்மா ஊட்டுக்கு இட்டுகினு போவணும்டா."

சரோஜா அவன் மனைவி. ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகக் குத்தம்பாக்கத்தில் தாய்வீட்டுக்குப் போகிறாள்.

அவனை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு நான் அடியில் படுத்தேன். ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும். எது தேய்ந்திருக்கிறதோ அது விரலில் தட்டும். முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டை ராடின் முனை லொடலொடவென்று ஆடியது. கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். நட்டைக் கையால் சுற்றி ஏற்றினேன். இனி ஸ்பானர் போட்டு இறுக்கி, நட் கழன்று வராமல் இருக்கக் குறுக்கே காட்டர் பின் என்கிற சின்னக் கம்பியைச் செருகி மடக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அதற்குள் அண்ணன் கத்தினார்.

"டேய், நல்ல நேரம் முடியப் போவுது! சாமானையெல்லாம் தொடச்சி வைடா!"

என் கையில் இருந்த ஸ்பானரையும் பின்னையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது எங்கள் ஷெட்டில் சட்டம். சரி, ஜீப் ராத்திரி ஷெட்டில்தானே நிற்கும், காலையில் முதல் வேலையாக முடித்துவிடலாம் என்று கை கழுவினேன். ஏழுமலையிடம் சொல்லத் தோன்றவில்லை. அவன் ஜீப்புக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் பொரி, சுண்டல், பூசணிக்காய்... அந்த நட் என் மண்டையை விட்டே போய்விட்டது.

மறுநாள் ஷெட்டுக்குப் போனதும் பூஜைத் தட்டை எடுத்தேன். ஸ்பானர்களுக்கு நடுவே, குங்குமப் பொட்டோடு அந்தக் காட்டர் பின்.

திரும்பிப் பார்த்தால் ஜீப் இல்லை.

"ஏழுமல அப்பவே வந்து எத்துகினு பூட்டானே" என்றார் அண்ணன். "சரோஜாவும் கூட கீது. அர மணி நேரம் ஆயிருக்கும்."

அந்த நட் கழன்றால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சக்கரம் ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்குப் போகும். எதிரே லாரி வருகிற ரோடு அது.

ஸ்பானரை இடுப்பில் செருகினேன். பின்னைச் சட்டைப் பையில் போட்டேன். தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் நாலையும் அள்ளிக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

பூந்தமல்லி தாண்டியதும் ரோட்டில் ஒரு கூட்டம். ஒரு லாரி குறுக்கே நின்றது. இறங்கி விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், முந்தின நாள் உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்த வண்டி மாடு. அந்த மாட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திருமழிசைக்கு அந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில் ஜீப் நின்றிருந்தது. வயிறு குலுங்கக்கூடாது என்று ஏழுமலை கட்டை வண்டி வேகத்தில் ஓட்டி, சரோஜாவுக்குத் தண்ணீர் கொடுக்க நிறுத்தியிருக்கிறான். அந்த நிதானம்தான் காப்பாற்றியது.

"இன்னா மச்சான், நாய் தொரத்துன மாரி வர்றே?"

"எலுமிச்சம்பயம் வெக்காம எட்த்துகினு வந்துட்டியேடா! புள்ளத்தாச்சிய வேற ஏத்திகினு..."

பொய் தானாக வாயில் வந்தது.

நாலு சக்கரத்துக்கும் பழம் வைக்கிற சாக்கில் அடியில் நுழைந்தேன். நட் கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கினேன். துளை நேராக வராமல் பின் உள்ளே போகவில்லை. மேலே சரோஜா அசையும்போதெல்லாம் வளையல் சத்தம். மூன்றாவது தடவை போயிற்று. மடக்கிவிட்டு வெளியே வந்தேன்.

ஜீப் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஏழுமலை ஊரெல்லாம் சொல்லுவான். "எம் பொண்டாட்டிக்காக எலுமிச்சம்பயம் எத்துகினு அவ்ளோ தூரம் வந்தான் பாரு." நான் அசடு வழிவேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வருஷங்கள் ஓடி, அன்று வயிற்றில் இருந்த பெண்ணுக்கு மாங்காட்டில் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஏழுமலை மெல்லக் கேட்டான்.

"ஏன் மச்சான், எலுமிச்சம்பயம் வெக்கிறதுக்கு ஸ்பானர் எதுக்குடா?"

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். "தெரிஞ்சும் ஏன்டா அப்புறமும் எங்கிட்டயே வண்டிய வுட்டே?"

"வேற எவன்டா சைக்கிள் மிதிச்சி தொரத்திகினு வருவான்?" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினான்.

ஏழுமலை இப்போது இல்லை.

போன வாரம் மகனுடைய பழைய எஸ்யூவியில் பவர் ஸ்டியரிங் லூசாக இருக்கிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது, ஒரு மணி நேரத்தில் சரி செய்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. யார் தம்பி நட்டை இறுக்கினது என்று சாவி கொடுத்த பையனிடம் கேட்டேன். "எங்க டீம் சார்" என்றான் அந்தப் பையன், சிரித்துக்கொண்டே.

அந்த டீமில் சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன்... கேட்கவில்லை.