ரைட் விங் சுதாகரிடம் கையெழுத்து வாங்க மூணாறு மலை ஏறிய கதை

நடந்தது அத்தனையையும் நடக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். போன மார்ச்சில், அரையிறுதி அன்று, கேலரியின் மூன்றாம் படியில் எழுந்து நின்று, "சுதாகரை ரைட்லயே உடுங்க, லெப்ட்டுக்கு மாத்துனா பையன் முடிஞ்சான்" என்று சொன்னேன். பதினொரு பேர் சாட்சி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான், ஆனால் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பந்து விஷயத்தில் என்னைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆடுவது செவன்ஸ் கால்பந்து. பக்கத்துக்கு ஏழு பேர். அறுப்பு முடிந்த வயலில் மூங்கில் கட்டி கேலரி போடுவோம். விங்கர் என்பவன் ஓரக் கோட்டை ஒட்டிப் பறக்கிறவன். எங்கள் கிளப்புக்கு நான்கு வருடமாக வலது ஓரத்தில் பறந்தவன் சுதாகர். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுப் பையன். போன சீசனில் அவன் ஆட்டம் படுத்துவிட்டது. பின்னாலிருந்து கோட்டோரமாக வரும் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டான். அரையிறுதியில் அவனை இடது பக்கம் மாற்றினார்கள். அங்கே பந்து காலருகே வந்தும் தடவினான். மூன்று கோலில் தோற்றோம். கேலரி அவனை என்னென்ன சொன்னது என்று இங்கே எழுத முடியாது.

செப்டம்பரில் அடுத்த சீசன் ஒப்பந்தம் போட வேண்டும். ரைட் விங்குக்கு மலப்புறத்திலிருந்து வேறு ஆள் பிடித்தாகிவிட்டது. சுதாகர் லெப்ட்டில் ஆடச் சம்மதித்தால் கையெழுத்து, இல்லையென்றால் விடுதல் கடிதம் என்று கமிட்டி முடிவு செய்தது. இரண்டு காகிதத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பினோம். கார் நடராசனுடையது, ஓட்டியதும் அவன்தான். எனக்கு மாப்பிள்ளை முறை. மாங்காய் லோடு விஷயமாக மார்ச் முழுக்க வெளியூரில் இருந்ததால் அரையிறுதியைப் பார்க்காதவன். பின் இருக்கையில் கமிட்டி செயலாளர் கிட்டு.

பொள்ளாச்சி ஆறு ஐந்து. உடுமலைப்பேட்டை ஆறு ஐம்பது. அங்கே மூன்று பேருக்கும் இட்லி, வடை, காப்பி இருநூற்றுப் பத்து ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது. சண்டையும் அங்கேயே தொடங்கியது.

"கிட்டண்ணா, நாலு வருசம் ஓடுன பையன ஒரு மேச்சுக்காவ உட்டுப்போடறதா?" என்றான் நடராசன்.

"ஒரு மேச்சா? சீசன் பூரா நடந்துட்டுத்தான இருந்தான். எருமை தண்ணிக்குப் போற மாதிரி."

"அவன நடுவுல ஆட உட்டுப் பாக்கோணுமுங். ஓட வேண்டியதில்ல, பாஸ் குடுத்தாப் போதும்."

"நடுவுல ஆடறவனுக்கு நாலு பக்கமும் கண்ணு வேணும். இவனுக்கு எங்க இருக்குது?"

அப்போதுதான் நான் கேலரியில் எழுந்து நின்று சொன்ன சங்கதியை நடராசனுக்கு விளக்கினேன்.

"மாமா, நீங்க அன்னைக்கே சொன்னீங்களா?"

"பின்ன? கேக்கறதுக்கு ஆளு வேணுமே மாப்ள."

கிட்டு வடையைப் பிய்த்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். 

உடுமலையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடி வரை காடு. வண்டி எண்ணை எழுதிக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பை இருந்தால் வாங்கி வைப்பார்கள். சாவடி தாண்டி இரண்டாவது வளைவில் ஒரு கொம்பன் நடு ரோட்டில் நின்றது. தந்தம் ஒவ்வொன்றும் ஏழடி இருக்கும். நடராசன் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தான். நான் கண்ணாடியை இறக்கி அதன் கண்ணை நேராகப் பார்த்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

மறையூர் எட்டு ஐம்பது. சுதாகர் வீட்டுக்கு இரண்டு கிலோ வெல்லம் வாங்கினேன். அங்கிருந்து மூணாறு நாற்பத்திரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் வளைவு, கூடவே மழை. மூணாறிலிருந்து எஸ்டேட்டுக்குப் பதினாறு கிலோமீட்டர்தான், அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசி மூன்று கிலோமீட்டரில் ரோடு என்று எதுவும் இல்லை. போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால்.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய தொழிலாளர் வீடுகள். ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. சுதாகரின் அம்மா பாக்கியம் வாசலுக்கு வந்து, "வாங்க அண்ணாச்சி, நனைஞ்சுட்டியளே" என்று துண்டு கொடுத்தார். சுதாகர் ஸ்டூல் போட்டான். இளைத்திருந்தான். சுவரில் எங்கள் கிளப் ஜெர்சியை ஆணியில் மாட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு, நனைந்த பந்து முகத்தில் அடித்து விழுந்தும் எழுந்து வந்து கோல் போட்டானே, அன்றைக்குப் போட்டிருந்தது. அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வரை போனோம். முன்னால் தூக்கியது நான்.

பால் ஊற்றாத கட்டன் சாயா வந்தது. கிட்டு சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னான். லெப்ட் என்றால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். சுதாகரின் வலது பக்கமாக உட்கார்ந்திருந்தவன் அவன். சுதாகர் வாங்கவில்லை, திரும்பவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு கெத்தா தம்பி?" என்றான் கிட்டு. "கமிட்டி செயலாளர் இவ்வளவு தூரம் வந்து நீட்டறேன்."

பாக்கியம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "அந்தப் பக்கமா நீட்டாதீய அண்ணாச்சி. இந்தப் பக்கமா குடுங்க. அவனுக்கு அந்தக் கண்ணு தெரியாது."

கிட்டு காகிதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

சுதாகர்தான் பேசினான். "அந்தப் பந்து பட்டு ரெண்டு மாசம் கழிச்சு, ஓரத்துல இருந்து படுதா இழுத்த மாதிரி வந்துச்சுண்ணே. சொன்னா கான்ட்ராக்ட் போயிரும்னு மூச்சு விடல. தேனி ஆஸ்பத்திரில காட்டும்போது, ஆறு மாசம் முந்தி வந்திருக்கணும்னுட்டாரு டாக்டர்."

நடராசன் மெதுவாகக் கேட்டான். "அப்புறம் எப்பிடித் தம்பி ஆடுன?"

"ரைட்ல நின்னா கிரவுண்டு பூரா எனக்கு இடது பக்கம்ணே. நல்ல கண்ணுக்குள்ள இருக்கும். வலது பக்கம் வெறுங்கோடுதான. லெப்ட்டுக்கு மாத்துனதும் எல்லாம் இருட்டுக்குள்ள இருந்து வந்துச்சு. பந்தும் வந்துச்சு, ஆளும் வந்தான்."

"இப்பவும் சொல்லாமயே கையெழுத்துப் போட்டிருக்கலாமே" என்றேன்.

"ரைட்னா போடுவேன். லெப்ட்னா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும்ணே."

நடராசன் கிட்டுவின் பக்கம் திரும்பினான். "அப்ப ரைட்லயே போடுங்."

"அடுத்த கண்ணுலயும் பட்டுதுன்னா? யாரு பதில் சொல்றது, நீயா?" என்றான் கிட்டு. நடராசன் சாயா கிளாசைக் கீழே வைத்தான். 

பாக்கியம் மீதியைச் சொன்னார். டிசம்பரோடு அவருக்கு எஸ்டேட்டில் வேலை முடிகிறது. வீட்டில் ஒருவர் பேர் பதிந்து வேலை பார்த்தால்தான் லயத்தில் இருக்கலாம். சுதாகர் பேர் பதிய வேண்டுமென்றால் முதலில் எஸ்டேட் டாக்டர் கண்ணைப் பார்ப்பார். பந்துக் காசு இருந்தால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாடகை வீடு பார்த்து இறங்கிவிடலாம் என்று இருந்தார்கள். "வேற ஏதாச்சும் ஒரு எடத்துல நிறுத்த முடியாதா அண்ணாச்சி? உங்க ஊரு கிரவுண்டு பெருசுன்னு சொல்வானே" என்று கேட்டார்.

ஒப்பந்தக் காகிதம் பைக்குள் போனது. விடுதல் கடிதத்தை எடுக்க கிட்டுவுக்கும் கை வரவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்பதால் எதுவும் மாறிவிடாது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது சுதாகர் கார் வரைக்கும் வந்தான். என் வலது பக்கம் சுற்றி வந்து, நல்ல கண்ணுக்கு என் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டான். நடராசன் அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"லெப்ட்டுக்கு மாத்தாதீங்கன்னு அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்களாம்ணே. கேலரில ஒருத்தராச்சும் எனக்காவப் பேசியிருக்கீங்க. அது போதும்ணே."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். வெல்லத்தைக் கொடுத்தேன். கிட்டு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எங்கள் ஊரிலிருந்து எஸ்டேட் வரை ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர், போய்வர டீசல் இரண்டாயிரம். சாயங்காலத்துக்கு மேல் காட்டு வழியில் விடமாட்டார்கள், ஆகவே மூணாறிலிருந்து இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். நாங்கள் திரும்பும்போது சாவடியில் நாற்பது நிமிடம் நின்றோம். குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் லயத்தில் ஆள் இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள்.

நேற்று கமிட்டி கூடியது. சுதாகருக்குத் தபாலில் விடுதல் கடிதம் போய்விட்டது.

யானையின் தந்தத்தில் ஓரடி, ஈரடி கூடக் குறைய இருக்கலாம். அதை யாரும் அளக்கப் போவதில்லை. முதல் பத்தியில் எழுதியதைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது. அன்று கேலரியின் மூன்றாம் படியில் எழுந்து நின்றது நான்தான். பதினொரு பேர் கேட்டதும் நிஜம். "அந்தச் சோம்பேறியத் தூக்கி லெப்ட்ல போடுங்கடா" என்றுதான் கத்தினேன். பிறகு கேலரி முழுக்க அதையே கத்தியது.