ஸ்டாண்ட்பையில் விட்ட சந்தேகம்

பெரியநாயக்கன்பாளையத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு, தங்கையைப் பெண் பார்க்கக் காரமடையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டிய நான்கு சந்தேகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. ஷட்டவுன் செய்தால் மறுபடி திறக்க நேரமாகுமே என்று ஸ்டாண்ட்பையில் போட்டேன். திரை கறுத்ததும் நிம்மதியாகிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டை மேசையில் வைத்தபோது மவுஸ் நகர்ந்து, திரை விழித்துக்கொண்டது. அவர் நிதானமாகப் படித்தார்.

“ஏனுங்க தம்பி, எம்பையன் சிகரெட் தொடமாட்டானுங்க. குடிக்கறதும் இல்லீங்க. வேலை பர்மனென்டுதானுங்க.”

நான்காவதுக்கு வந்ததும் என் தங்கையிடம் திரும்பி, “காபி நல்லாருக்குது அம்மணி” என்றார்.

‘ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா?’ என்பதுதான் அந்த நான்காவது சந்தேகம். அவர்கள் ஊரில் விசாரித்தோம். ஆனவர்தான்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் ஷட்டவுன் செய்துவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும் ஸ்டாண்ட்பை.