தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொன்னவர்

போன செவ்வாய்க்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் மீனை நறுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் பள்ளியில் உதவியாளராக இருந்த ராஜேஸ்வரி போன் செய்தாள். "மேடம், மதலேன் டீச்சர் தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." கூச்சலில் எனக்குப் பெயர் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவளை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேனே என்று இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மதலேன் டீச்சர் எங்கள் பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் நடத்தியவர். விடை தெரியாத கேள்வி வந்தால் வகுப்பிலேயே "தெரியல, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்பார். அவரிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மறுநாள் மறக்காமல் சொல்லவும் செய்வார். அவர் ஓய்வுபெற நான்கு வருடங்கள் இருக்கும்போது நான் அங்கே தலைமையாசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். அந்த முதல் வருடமே தோட்டத்தில் தீப்பிடித்தது.

மே மாத விடுமுறை அது. மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள். நெருப்பு காற்றில் தாவி எங்கள் பக்கத்துச் சருகில் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் ஐந்து மரங்கள் வெந்துபோயின. மூன்று இளம் வேம்பு, ஒரு மா, நடுவில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி. வேம்பும் மாவும் ஓர் இலைகூட இல்லாமல் கரிக்கட்டையாக நின்றன. தூங்குமூஞ்சிக்கு மட்டும் தலை நிறையப் பச்சை இருந்தது. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் அதன் நிழலில்தான் உட்காருவார்கள். மதலேன் டீச்சரும் அத்தனை வருடமும் அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

மரம் வெட்டுகிறவர் வந்து சுற்றிப் பார்த்தார். "இன்னா மேடம் யோசனை? அந்த நாலும் செத்துப்போச்சு, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள எடுத்துடலாம். பெருசு மட்டும் இருக்கட்டும், அது பச்சையாத்தான் இருக்குது" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ராஜேஸ்வரிதான் டீச்சரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள்.

மறுநாள் காலை மதலேன் டீச்சர் ஒரு சின்னக் கத்தியோடு வந்தார். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி, விரல்நக அளவுக்குப் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். வேர்ப் பக்கம் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். வெயில் ஏறிய பிறகு என் அறைக்கு வந்து, "நாலும் இருக்கட்டும் மேடம். தூங்குமூஞ்சிய எடுத்துடுங்க" என்றார்.

"தலைகீழா சொல்றீங்களே டீச்சர்?"

"மேல பாக்காதீங்க, அடியில பாருங்க. அந்த நாலுத்துக்கும் பட்டைக்குக் கீழ ஈரம் இருக்குது. இதுக்கு அடியிலதான் சருகு குமிஞ்சு கெடந்துச்சு. ஒரு பக்கம் வெந்துபோய் கத்தி பிடி வரைக்கும் உள்ள போவுது. இன்னும் எவ்ளோ தூரம் வெந்திருக்குன்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னா கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமே?"

"சின்ன மரத்த விட்டுப் பாக்கலாம். யாரும் கிட்ட போவாம சுத்திக் கயிறு கட்டிட்டா போதும், மழை வர்ற வரைக்கும் நிக்கட்டும். இதுக்கு அடியில எழுவது பொண்ணுங்க உக்காந்து சாப்புடுதுங்க. இத எப்படி விட்டுப் பாக்கறது?"

மரத்தை வெட்ட அனுமதி கேட்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் அவர் அங்கேயே நின்றார். கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கும்போதெல்லாம் "தூஸ்மான், தூஸ்மான்" என்று குரல் கொடுத்தார். மெதுவாக என்பதற்கு அவர்கள் வீட்டில் புழங்கிய பிரெஞ்சுச் சொல் அது. இரண்டாம் நாள் மதியம் அடிமரம் சாய்ந்ததும் எல்லோரும் போய்ப் பார்த்தோம். கரி ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகவில்லை. மற்ற இடமெல்லாம் உறுதியான மரம். "இன்னும் இருவது வருசம் நின்னிருக்கும்மா" என்றார் வெட்டியவர்.

மதலேன் டீச்சர் குனிந்து அந்த வெட்டுவாயை உள்ளங்கையால் தடவினார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"நின்னிருக்கும்தான்" என்றார். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று எனக்கு அவர்மீது கோபம்தான். அவர் பேச்சை நம்பியல்லவா கையெழுத்துப் போட்டேன்.

பள்ளி திறந்தது. பிள்ளைகள் வராந்தாவில் நெருக்கியடித்துச் சாப்பிட்டார்கள். ஜூன் வெயில் முற்றம் முழுக்கக் கொதித்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நல்லா இருந்த மரத்த வெட்டிட்டு, செத்த மரத்துக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கீங்க. யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்றார். கைதட்டல்கூட எழுந்தது. நான் அனுமதி, விதிமுறை என்று ஏதோ ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

பின்வரிசையில் மதலேன் டீச்சர் எழுந்தார். "நான்தான் சொன்னேன். மேடம் கையெழுத்துதான் போட்டாங்க. உள்ள நல்லாத்தான் இருந்துச்சு, வெட்டின பின்னாடிதான் பாத்தோம். முன்னாடி எனக்குத் தெரியல. தெரியாம உங்க பொண்ண அதுக்கு அடியில உக்கார வெக்க எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்டவரும் உட்கார்ந்தார்.

ஆகஸ்டில் மூன்று வேம்பும் அடித்தண்டிலிருந்து துளிர்த்தன. மா ஒரு கை அளவுக்குச் செம்பு நிறக் கொழுந்து விட்டு, தீபாவளிக்குப் பிறகு அதுவும் காய்ந்துவிட்டது. யாரும் சொல்வதற்கு முன் அவரே என் அறைக்கு வந்தார். "மாமரத்துல நான் சொன்னது தப்பாப் போச்சு மேடம். எடுத்துடலாம்." அன்றைக்குத்தான் என் கோபம் முழுவதும் போயிற்று. இருவரும் காபி குடித்தோம். வேம்புகள் இன்றும் நிற்கின்றன. மதில் பக்கத்தில் பட்டை கறுத்துத்தான் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் செய்யலாம், செய்யாமலும் பார்க்கலாம் என்று டாக்டர்கள் இரண்டையும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார்கள். செய்யுங்கள் என்றேன். அவர் வீடு திரும்பவில்லை. பிரான்சிலிருந்து வந்திறங்கிய மகன் காரியமெல்லாம் முடிந்த பிறகு கேட்டான். "ஆபரேஷனுக்கு யாரும்மா ஒத்துக்கிட்டது?"

டாக்டர்மேல் போட்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். அவன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

மதலேன் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்கள். அதை அவரிடமே ஒருநாள் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் விட்டுவிட்டேன். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.