கதவில்லாத ஏழாம் அறை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், மயிலாப்பூரில் நடந்தது இது. இந்தக் கதையை எடுத்தாலே என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சிரிக்கட்டும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றது நான்தான், அவர் இல்லை.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடுவேன். ஆதம்பாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போவேன். பெரிய பங்களா எல்லாம் எங்களிடம் வராது. பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்கள், பால்கனியை மூடி அறையாக்குகிறவர்கள், இப்படித்தான் வருவார்கள். போய் அளந்து வந்து, இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று முதலில் ஒரு படம் போட வேண்டும். அளப்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் அளவு தப்பு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்காது.

அப்படி வந்த வேலைதான் அந்தச் சந்து வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாக, தரைத்தளம் மட்டும். அதில் தனியாக இருந்தவர் ஒரு பாட்டு டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டது அவர் இல்லை. அடையாறில் இருக்கும் அவருடைய தம்பி. வீட்டை இரண்டு போர்ஷனாக மாற்றி வாடகைக்கு விட வேண்டும் என்றார். அப்படியானால் மாமி எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். அவர் என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அக்காவுக்கு இப்பல்லாம் கொஞ்சம் பிரமைம்மா. சுவருக்குள்ளேருந்து யாரோ பாடறான்னு சொல்லிண்டே இருக்கா. தனியா விட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கறது? ஊருக்கு வெளியில ஒரு நல்ல ஹோம் பார்த்து வெச்சிருக்கேன். பொங்கல் முடிஞ்சதும் கொண்டு விட்டுடலாம்னு இருக்கேன்."

கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது வாசல் கதவின் தாழ்ப்பாளை நகர்த்திக்கொண்டே இருந்தார். உள்ளே மாமி எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். பார்த்தால் பிரமை பிடித்தவர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் நான் அளக்க ஆரம்பித்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு நடக்கும் பாட்டுக் கூடத்தின் பின்சுவரில் நான் கை வைத்தபோது மட்டும் எதையோ கேட்க வாயெடுத்து, தம்பி இருப்பதைப் பார்த்துக் காபியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலகத்துக்கு வந்து படத்தைப் போட்டால் கணக்கு உதைத்தது. ஒரு பக்கமாக வாசலிலிருந்து கொல்லை வரை போகும் நடையின் நீளம் ஒன்று சொன்னது, வரிசையாக இருக்கும் அறைகளின் நீளத்தைக் கூட்டினால் வேறொன்று வந்தது. பாட்டுக் கூடத்துக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் சமையலறைக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்றடி காணோம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்கு உதைத்தால் மிச்சத்தைச் சுவருக்குள் தள்ளிவிடுவோம். பழைய வீட்டில் சுவர் தடிமனாக இருப்பது சகஜம். சுவரைப் படத்தில் கறுப்பாக நிரப்பிவிட்டால், அது ஒன்பது அங்குலமா நான்கு அடியா என்று எவரும் நிறுத்திக் கேட்பதில்லை. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு பக்கமும் இரண்டு சுவரைப் போட்டு, நடுவில் இருந்ததைக் கறுப்பால் அடைத்தேன். முன்கட்டும் பின்கட்டும் வேறு வேறு காலத்தில் கட்டியிருப்பார்கள், இடிந்த கல்லும் மண்ணுமான ரப்பீஸ் போட்டு நிரப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இவ்வளவு கறுப்பு? டோனர் எல்லாம் குடிச்சிடும். சுவரை வெறும் கோடா வை, அறைக்கெல்லாம் நம்பர் போட்டு பிரின்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவர்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. நிரப்பியதை எடுத்தேன். வீடு முழுக்க வெறும் கோடுகளாக நின்றது. அந்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது, சுவர்களால் மூடிய இடத்தையெல்லாம் தானே கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுவிடும். அதை அழுத்தினேன். அந்த வீட்டில் அறைகள் மொத்தம் ஆறு. நான் ஒவ்வொன்றிலும் நின்று அளந்தவள். திரையில் ஏழு வந்தது.

பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கிற அகலத்தில், 'அறை 7' என்று இருந்தது. கதவு இல்லை. ஜன்னல் இல்லை. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், மூடியிருந்தால் அறை என்று சொல்லும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சுவருக்குள் யாரோ பாடறா என்ற பேச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த எண்ணை அழித்தேன். மறுபடி அழுத்தினால் மறுபடி வந்தது.

இதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. திரும்ப அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மத்தியானமே மயிலாப்பூருக்குப் போனேன். நல்ல மழை. அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. மாமி மட்டும்தான் இருந்தார். கூடத்தில் உட்கார்ந்து தன் பாட்டுச் சாதகத்தைச் செய்துகொண்டிருந்தார். கரண்ட் இல்லாததால் சுருதிப் பெட்டிகூட ஓடவில்லை. நீ பாட்டுக்கு அளந்துக்கோ என்று கை காட்டினார்.

நான் பின்சுவர் ஓரமாக நின்று அளக்கும் கருவியைச் சுவரில் வைத்தேன். மாமி குரலை மேலே கொண்டுபோய் ஒரு ஸ்வரத்தில் நின்றார். நீளமாக, அசையாமல் நின்றார். பிறகு மூச்சு வாங்க நிறுத்தினார். சுவர் நிறுத்தவில்லை.

பொய் சொல்லவில்லை. அதே ஸ்வரம், கொஞ்சம் அடங்கின குரலில், ஏதோ போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்து, மெல்லத் தேய்ந்து போனது. என் கை சுவர்மேல் இருந்தது. உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது. தீயில் பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டேன்.

மாமி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கும் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுச்சு மாமி."

அவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பயத்தில் அழவில்லை. "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா? நான் நன்னாத்தானே இருக்கேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை நாளாக இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருந்தாரோ. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் வெளியே ஓடிவிடலாம் போலவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். "அவதான் அப்படிச் சொல்றான்னா, நீங்களுமாம்மா?" என்று எரிச்சல்பட்டார். பாட்டைப் பற்றிப் பேசி அவரிடம் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. மறுநாள் காலை அவர் வந்ததும் அந்தக் கோட்டுப் படத்தை விரித்துக் காட்டினேன். நடை இவ்வளவு, அறைகள் இவ்வளவு, மிச்சம் எங்கே போச்சு சார் என்று கேட்டேன். அவரே டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டு தடவை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். எப்படியும் இடிக்கப் போகிற சுவர்தானே, ஒரு ஓட்டை போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன்.

மேஸ்திரி வந்து நெஞ்சு உயரத்தில் உளி வைத்துத் தட்டினார். நான்கைந்து செங்கல் வெளியே வந்தன. உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று, நனைந்த மண்ணும் பழைய துருவும் கலந்த வாசனையோடு முகத்தில் அடித்தது. மேஸ்திரி போனில் டார்ச்சைப் போட்டு, தலையை உள்ளே விட்டார். அடுத்த விநாடி துள்ளிப் பின்னால் வந்தார்.

"யம்மாடி! தரையே இல்ல மேடம். கெணறு கீது! நீங்க படத்துல சுவருன்னு போட்டுக் குடுத்து, நானும் சம்மட்டி எட்த்து ஒரே போடா போட்ருந்தா, நேரா உள்ளதான் போய்க்கினு இருப்பேன்."

எட்டிப் பார்த்தேன். சுட்ட மண் உறைகள் இறக்கிய குறுகலான கிணறு. மழையில் தண்ணீர் நன்றாக மேலே ஏறி, டார்ச் வெளிச்சம் பட்டதும் கீழே ஒரு கண் திறந்தது மாதிரி மினுங்கியது. மேலே மொட்டை மாடித் தளம் மூடியிருந்தது. சுற்றி நான்கு பக்கமும் சுவர். கூடத்தில் பாடுகிற குரல் அதற்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அவர்களுடைய அப்பா வாங்கும்போதே வீடு அப்படித்தான் இருந்ததாம். யார் மூடினார்கள், எட்டிப் பார்க்க ஒரு பொந்துகூட வைக்காமல் எதற்காக மூடினார்கள் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மாமி மெல்ல வந்து ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஸ்வரம் பிடித்தார். கிணறு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. இந்த முறை அடங்கின குரலில் இல்லை, முழுசாக. மேஸ்திரி கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அக்கா, இதை ஏன் எங்கிட்ட..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"சொன்னேனேடா. நீதான் கேக்கலை."

அவ்வளவுதான் பேச்சு. ஹோமும் போயிற்று, வாடகை போர்ஷனும் போயிற்று. சுவரை இடிக்காமல், கிணற்றின் மேல் கனமான இரும்புச் சல்லடை போட்டு, கூடத்துப் பக்கம் ஒரு ஜன்னல் வைப்பது என்று முடிவானது.

எல்லா வேலையும் முடிந்து கடைசிப் படத்தைக் கொடுக்கப் போனபோது மழைக்காலம் போய் நல்ல வெயில். மாமி தெளிவாக இருந்தார். காபி கொடுத்தார், கேலி பேசினார், பிள்ளைகளெல்லாம் இப்போது ஜன்னலில் வாய் வைத்துக் கத்துகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் செருப்பு மாட்டும்போது கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பாடினா அது திரும்பி வரதுன்னு எல்லாரும் சொல்றா. அது சரிதான். ஆனா கார்த்தால முதல்ல ஆரம்பிக்கறது நான் இல்லைம்மா. சுருதி அங்கேருந்துதான் வரது. நான் சேர்ந்துக்கறேன், அவ்வளவுதான். தம்பிகிட்ட சொல்லிடாதே, மறுபடியும் ஹோம்னு ஆரம்பிச்சுடுவான்."

பிடித்த கை கதகதப்பாக, உறுதியாக இருந்தது. முகத்தில் பயமே இல்லை. எனக்குத்தான் வண்டியை ஸ்டார்ட் செய்ய மூன்று தடவை உதைக்க வேண்டியிருந்தது.

தம்பியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. மாமி அந்த வீட்டில்தான் இருக்கிறார், வகுப்பும் நடக்கிறது. அந்தக் கடைசிப் பேச்சை நம்புவதாகவும் சொல்ல மாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக இருக்கிற ஒருவர் எனக்கு மட்டும் இது கேட்கிறது என்று சொன்னால், அது அவருடைய பிரமை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் கேட்டுப் பார்க்கிறேன், கேட்டுவிடுமோ என்ற பயத்தோடுதான்.