பனிக்கடலில் விட்டுக்கொடுத்த இடம்

ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்களே என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன், பனிமலை கடலுக்குள் இறங்கும் இடத்தைக் காட்டப் படகில் அழைத்துப் போனான். திரும்புவதற்குத் தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், படகில் வந்த கிழவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவரைப் படுக்க வைத்து ஏற்ற, இரண்டு பேர் இறங்க வேண்டும் என்றார் விமானி.

"நாம ஏம்மா எறங்கணும்?" என்றான் மகன்.

"எறங்குடா. உங்கப்பாவ பாம்பு கடிச்சதுன்னுதான உனக்குத் தெரியும்? அன்னைக்கு நம்ம ஊர்க்காரங்க இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. கேட்டது நியாயந்தான். ஆனா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி போவல. கும்பிட்டுக்கினு நின்னேன், ஒருத்தரும் மரத்த நகத்தல. என் மடியிலயே உயிர் போச்சு."

அவன் இறங்கி, என்னையும் இறக்கிவிட்டு, கிழவரைத் தூக்கி ஏற்றினான்.

அவர் பிழைத்தாரா, தெரியவில்லை. முருகனிடம் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். ரோடே இல்லாத இடத்தில் ஒரு உயிருக்கு வழி விட்டோம். இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள்.